ஒரு மூட்டை குறைந்ததற்கு விளக்கம்

பதினெட்டு மூட்டை உளுந்து விதை,
முப்பது மூட்டை யூரியா,
மருந்தடிக்கும் கைப்பம்பு நாலு.
ரங்கூனில் ஏற்றியது இவ்வளவு.
இறக்கியதில் விதை பதினேழு.
நேற்றுக் கூட்டத்தில் பின்வரிசையில் யாரோ இருமினீர்கள்.
அந்த இருமலுக்குத்தான் இந்தப் பதில்.

லாரி வைரவனுடையது.
எஞ்சின் ஹினோ, கதவு செவர்லே,
பிரேக் எந்தக் கம்பெனி என்று அவனுக்கே தெரியாது.
வாடகை குறைவு என்று கைதூக்கியவர்கள் நாம்தான்.
தீர்மானப் புத்தகத்தில் எல்லார் கையெழுத்தும் இருக்கிறது.

பெகு தாண்டி பயாஜி முக்கில்
ஃபேன் பெல்ட் அறுந்தது.
கண்ணாடியில் போபோஜி சாமிக்குக் கட்டியிருந்த
சிவப்பு வெள்ளைத் துணியை
"கடனாகத்தான், பெரியவரே" என்று அவிழ்த்து
முறுக்கி மாட்டினான்.
வாவ் வரை சாமி சுற்றினார்.
வாவில் கருகினார்.

அங்கே பெல்ட் கிடைத்தது,
ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது.
மீன்காரியிடம் மஞ்சள்தூள் வாங்கி உள்ளே கொட்டினோம்.
ஒரு மணி நேரம் நின்றது.
அப்புறம் வண்டிக்கு அடியில்
திருவிழா முடிந்த மறுநாள் தெருப்போல
மஞ்சள் தண்ணீர்.

அதனால்தான் அந்த நீலப் பீப்பாய்.
தண்ணீர் பிடித்து, ஆடாமல் இருக்கட்டும் என்று
விதை மூட்டைகளுக்கு நடுவில் வைத்தேன்.
வைத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

சித்தாங் பாலத்து கேட்டில் இறங்கச் சொன்னார்கள்.
அட்டையில் வைரவன் கோ தான் சோ,
நான் மா கின் லே.
அரைமணி நேரம் அந்த இரண்டு பேராக நின்றோம்.
யூரியாவை மோந்து பார்த்தார்கள்.
உரம் யாருக்கு, இவ்வளவு எதற்கு,
நிஜமாகவே உளுந்துதானா.
நீளக் கம்பியால் மூட்டைகளைக் குத்திக் குத்திப் பார்த்தான்
மீசை இன்னும் முளைக்காத ஒருவன்.
அந்தக் கம்பி பீப்பாயில் பட்டதா,
பீப்பாயே ஓட்டையா,
சத்தியம் பண்ண மாட்டேன்.

சைட்டோவில் கிளட்ச் போனது.
மெக்கானிக் மி சொன், மோன் பெண்,
கன்னத்தில் தனாக்கா, முழங்கை வரை கிரீஸ்.
அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"இது ஒரு லாரி இல்லை,
செத்த நாலு லாரி."
பிளேட் மோல்மேனிலிருந்து வரவேண்டும்.
இரண்டு ராத்திரி மூட்டைமேல் படுத்தோம்.

மூன்றாம் நாள் காலை
முதுகுக்குக் கீழே ஒரு மூட்டை
காய்ச்சல்காரன் போலச் சுட்டது.
இறங்கிப் பார்த்தால்
சாக்கின் கண் ஒவ்வொன்றிலும்
ஒரு வெள்ளை மூக்கு.
மூன்று நாள் நிதானமாகச் சொட்டியிருக்கிறது தண்ணீர்.
நாம் பூசை போட்டு, நாள் பார்த்து,
ஏர் ஓட்டி முடித்த பிறகும்
இப்படி ஒரேயடியாக முளைத்ததில்லை.

கையில் காசு பிளேட்டோடு தீர்ந்திருந்தது.
மருந்து கலக்காத விதை, நல்லவேளை.
மி சொன் பெரிய சட்டியை வைத்தாள்.
உப்பு, வெங்காயம், கொஞ்சம் கடலெண்ணெய்.
அவளும், அவள் பையன்களும், நாங்களும்,
சாலையோரம் பகோடாவுக்காக
வெள்ளிக்கிண்ணம் குலுக்கிக்கொண்டிருந்த நாலு பெண்களும்
வெயில் ஏறும்வரை தின்றோம்.
கூலியில் பாதியைக் கழித்துக்கொண்டாள்.
அது வரவில் இருக்கிறது, பக்கம் முப்பத்தொன்று.

விதையைத் தின்றவன் கதி என்ன என்று
ஆளுக்கொரு பழமொழி வைத்திருப்பீர்கள்.
எனக்கும் தெரியும்.
சொல்லிக்கொண்டேதான் இரண்டாம் தடவை வாங்கினேன்.

மிச்சத்தைப் பட்டறைக்குப் பின்னால்
வாய்க்கால் ஓரம் விசிறிவிட்டு வந்தேன்.
மாசியில் அந்தப் பக்கம் போகிறவர் எட்டிப் பாருங்கள்.
ஆடு மேய்ந்திருந்தால்
அதற்கும் என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று.
வண்டி இன்னும் ஏரிக்கரை மேட்டில்தான் நிற்கிறது,
பாட்டரி இறங்கி.
தள்ள ஆறு பேர் வேண்டும்.
இருமியவர் முதலில் வரலாம்.